சைபர் எழுதியவன்

அத்தியாயம் 6

"லீவு பேப்பர்னு சொல்லித்தான் சார் கையெழுத்து வாங்குனாங்க."

அதைச் சொல்லிவிட்டு வீரபாண்டி தலையைக் குனிந்துகொண்டான். தண்ணீர் அறையில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது, உசிலம்பட்டிப் பக்கம். துபாய் கராமாவில் உள்ள அந்த டயாலிசிஸ் சென்டரின் அடையாள அட்டை இன்னும் அவன் சட்டைப் பையில் தொங்கிக்கொண்டிருந்தது.

சேதுமாதவன் கையிலிருந்த காகிதத்தை மறுபடி பார்த்தார். மேலிருந்து கீழ்வரை அரபி. அடியில் கோணலும் மாணலுமாக ஒரு தமிழ்க் கையெழுத்து. இதன் ஆங்கிலப் பிரதி காலை எட்டு மணிக்கே அவருடைய இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு வந்துவிட்டது. 'தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமலேயே தினமும் சைபர் என்று எழுதிவந்தேன். சாவுக்கு என் அலட்சியமே காரணம்.' ஒப்புக்கொண்டவன் எழுத்துக்கூட்டித் தமிழ் மட்டும் படிப்பான்.

அவருக்குக் காதுமடல் சுட்டது. கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை அவர். குரல் இறங்கிக்கொண்டே போகும். இருபத்திரண்டு வருஷமாக துபாயில் விபத்து விசாரிக்கிறவர். விழுந்த சாரத்துக்கும் எரிந்த கிடங்குக்கும் எங்கேயாவது ஒரு மேஸ்திரியோ காவலாளியோ காரணமாகிவிடுவதை எத்தனையோ கோப்புகளில் பார்த்துவிட்டார். இன்றைக்குப் பார்க்க அவருக்கு மனசில்லை.

"சேர், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் மெதுவாப் பிடியுங்கோ" என்றாள் வதனா. "கசங்கினால் உங்களையும் ஒரு பேப்பரில கையெழுத்து வைக்கச் சொல்லுவினம்."

வதனா அவருடைய உதவியாள். யாழ்ப்பாணத்துக்காரி. கார் ஓட்டுவாள், குறிப்பெடுப்பாள், அவர் கேட்கத் தயங்குகிற கேள்விகளைச் சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பில் ஏமாந்தவர்கள் கராமாவில் நிறையப் பேர்.

நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குழம்பிவிடக் கூடாது பாருங்கள்.

குழாய்த் தண்ணீரில் கிருமி சாக குளோரின் கலக்கிறார்கள். குடித்தால் நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் சிறுநீரகம் செத்தவர்களுக்கு ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் அந்தத் தண்ணீர் வயிற்றுக்குப் போவதில்லை. மெல்லிய ஒரு சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் தண்ணீர். குளோரின் அதைத் தாண்டிவிட்டால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும். அதனால்தான் மெஷினுக்குப் போகுமுன் தண்ணீரை ஆளுயரத் தொட்டி ஒன்றில் கரி வழியாக விடுவார்கள். குளோரினைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்தக் கரியின் வேலை. கரி சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பது வீரபாண்டியின் வேலை.

2007, ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி குளோரின் ஊற்றினார்கள். திங்கட்கிழமை மத்தியான ஷிப்டில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு முட்டியது. குழாயில் ஓடிய ரத்தம் கறுத்த திராட்சைச் சாறு மாதிரி ஆகிவிட்டதாம். இரண்டு பேர் பிழைத்தார்கள். பின்சந்தில் தையல் கடை வைத்திருந்த கனகா பிழைக்கவில்லை. அன்றோடு சென்டரை மூடிவிட்டார்கள். இன்று புதன். பன்னிரண்டு மணிக்கு கம்பெனியின் மந்தூப், அதாவது சர்க்கார் ஆபீஸ் வேலைகளைப் பார்க்கிற ஆள், வருவார். அரபிக் காகிதத்தையும் வீரபாண்டியையும் சேர்த்துப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். அதற்கப்புறம் அவன் வாய் திறந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

இப்போது மணி பத்தேகால்.

"தினமும் நிஜமாகவே சோதித்தாயா?" என்றார் சேதுமாதவன்.

சோதித்தேன் என்றான். காலை ஐந்தரைக்கு, தொட்டிக்குக் கீழே இருக்கிற குழாயில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் ஒரு மாத்திரை போடுவானாம். தண்ணீர் ரோஸ் நிறமானால் குளோரின் இருக்கிறது. நிறம் மாறாவிட்டால் இல்லை. லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து மாறவே இல்லை. அதனால் சைபர் போட்டேன் என்றான்.

"சாட்சி?"

வீரபாண்டி யோசித்தான். "காலி அட்டை இருக்குங்க சார். மாத்திரை தீந்த அட்டைய ஸ்டோர்ல குடுத்தாத்தான் மீரா சாகிப் பாய் புது அட்டை தருவாரு. பல்பு, விளக்குமாறு, பேனா, நோட்டு, எல்லாத்துக்கும் அவருகிட்ட அதே கணக்குத்தான்."

வதனா ஏற்கெனவே கதவருகில் நின்றாள்.

ஸ்டோர் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மீரா சாகிப் கீழக்கரைக்காரர், வெள்ளைத் தொப்பி. அவர் கவுண்டருக்குப் பின்னால் ஒரு தனி உலகமே இருந்தது. ஃபியூஸ் போன பல்புகள் ஒரு பெட்டியில், மை தீர்ந்த பேனாக்கள் ஒரு டப்பாவில், முடி உதிர்ந்த விளக்குமாறுகள் ஒரு மூலையில். திருட்டுப் போகாமல் இருக்க அவர் கண்டுபிடித்த ஒரே வழி இதுதானாம். காலி வந்தால்தான் புதுசு போகும். முதலாளியே வந்து நின்றாலும் அதுதான் சட்டம். காலியாக வந்ததை வருஷக் கடைசியில் ஆடிட்டர் பார்க்கும்வரை எறிவதும் இல்லை.

"என்ர கலியாணப் பொருத்தம் பார்த்தவர் இவரா இருந்திருக்கோணும்" என்று வதனா முணுமுணுத்தாள். "பழசைத் திருப்பிக் குடுத்தால் புதுசு தந்திருப்பார்."

மீரா சாகிப் நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். பத்துப் பத்து மாத்திரை அட்டைகள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒன்பது காலி அட்டைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் அவர் கையால் தேதி. வெள்ளி விடுமுறைகளைக் கழித்தால் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

மூன்றரை மாதம் தினமும் தவறாமல் சோதித்த ஒருவனிடம், சோதிக்கவே இல்லை என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சேதுமாதவன் கவுண்டர் விளிம்பை அழுத்திப் பிடித்தார்.

"நோட்டுக்கும் இதே கணக்கா, பாய்?" என்றாள் வதனா.

"நோட்டுன்னா என்னம்மா, அது மட்டும் மானத்துலருந்தா வருது" என்றார் அவர். பழைய நோட்டைக் கொடுத்துத்தான் புது நோட்டு வாங்கினான் வீரபாண்டி. நேற்று மேனேஜர் ரகுநாதன் அந்தப் பழைய நோட்டைக் கேட்டு ஆள் அனுப்பினாராம். பதிலுக்கு என்ன தருவீர்கள் என்று இவர் கேட்க, வந்தவன் சிரித்துவிட்டுப் போய்விட்டானாம்.

நோட்டு வந்தது. சாதாரணக் கோடு போட்ட நோட்டு. அச்சடித்த கட்டம் கிடையாது. வீரபாண்டி தனக்குத் தெரிந்த தமிழிலேயே எழுதியிருந்தான். நேரம் ஒவ்வொரு நாளும் 'மதியம் 1.00'. பக்கத்தில், நிறம் இல்லை. நிறம் இல்லை. பக்கம் பக்கமாக அதேதான். பிப்ரவரி நடுவில் ஒரு நாள், 'லேசா ரோஸ்'. மறுநாளும் அதே. மார்ச்சில் 'ரோஸ்'. மார்ச் கடைசியில் ரோஸுக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு. அதோடு நோட்டு முடிந்துவிட்டது.

தண்ணீர் அறைக்குத் திரும்பி அதை நீட்டியதும் வீரபாண்டி உடனே தலையாட்டினான். ஆமாம், ரோஸ் வந்தது. ரகுநாதன் சாரிடம் அன்றைக்கே சொன்னான். நீ லீவில் ஊருக்குப் போய் வா, அதற்குள் கரி மாற்றிவிடுகிறோம் என்றார் அவர். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது தொட்டியில் புது ஸ்டிக்கர் இருந்தது. நிறம் இல்லாவிட்டால் சைபர் போடுகிற மாதிரி கட்டம் அச்சடித்த புது நோட்டும், இனிமேல் காலை ஐந்தரைக்கு, மோட்டார் போடுவதற்கு முன்னால் பார்த்தால் போதும் என்ற உத்தரவும் கிடைத்தன. பார்த்தான். நிறம் இல்லை. கரி மாற்றியாயிற்று என்று நிம்மதியாக இருந்தான்.

ஸ்டிக்கர் இன்னும் தொட்டியில் இருந்தது. 'மாற்றியது 20 ஏப்ரல் 2007. அடுத்து 20 ஏப்ரல் 2008.'

அந்த நேரம் ரகுநாதனே உள்ளே வந்தார். கலையாத தலைமுடி, கையில் இரண்டு செல்போன், நல்ல வாசனை. விசாரணை முடிந்ததா, மந்தூப் கிளம்பிவிட்டார் என்றார். காலி அட்டைகளைக் காட்டினார்கள். அவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி, மாத்திரையைப் பிரித்துக் கீழே கொட்டியிருப்பான் என்றார்.

"அதைத் தண்ணீரிடமே கேட்கிறேன்" என்றார் சேதுமாதவன், குரல் ஒரு படி இறங்கி. "வீரபாண்டி, இப்போது ஒரு குப்பி பிடி."

இரண்டு நாளாகத் தொட்டியில் அசையாமல் கிடந்த தண்ணீர். வீரபாண்டி பிடித்தான், மாத்திரை போட்டான், குலுக்கினான். தண்ணீர் தெளிவாக இருந்தது.

ரகுநாதன் புன்னகைத்தார். "பார்த்தீங்களா? கரி பர்ஃபெக்ட். அப்ப இவன்தான் எதையோ திறந்து விட்டிருக்கான்."

"இப்போது மோட்டாரைப் போடு. பதினாறு படுக்கைக்கும் ஓடுகிற மாதிரி எல்லா வால்வையும் முழுக்கத் திற. தண்ணீர் சாக்கடைக்குப் போகட்டும்."

மோட்டார் அறையை அதிர வைத்தது. வதனா ரகுநாதனிடம், சேர் நிக்கிற இடம் ஈரம், நல்ல சப்பாத்து பழுதாப்போகும் என்று சொன்னாள். அவர் தன் ஷூவைப் பார்த்துவிட்டு நகர்ந்து நின்றார். கால் மணி. அரை மணி. சேதுமாதவன் கையைக் காட்டினார்.

வீரபாண்டி புதுக் குப்பி பிடித்து மாத்திரையைப் போட்டான். குலுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. மாத்திரை கரையக் கரைய அடியிலிருந்து நிறம் எழும்பி வந்தது. ரோஜாப்பூ ரோஸ் கூட இல்லை, அதைவிட அடர்த்தி.

அவன் குப்பியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நின்றான். கை இறங்கவில்லை.

"கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார் சேதுமாதவன். "ஓய்ந்துபோன கரிக்குக்கூட ராத்திரி முழுக்க அவகாசம் கொடுத்தால், தன்னிடம் நிற்கிற தண்ணீரை மட்டும் எப்படியாவது சுத்தம் செய்துவிடும். ஐந்தரை மணிக்கு இவன் பிடித்தது அந்தத் தண்ணீர். நோயாளிகளுக்குப் போனது அதற்கப்புறம் ஓடி வந்த தண்ணீர். காலையில் ஆறு படுக்கை, மெதுவாக ஓடும், ஏதோ தாங்கியிருக்கிறது. மத்தியானம் பதினாறும் நிறைந்தால் கரிக்கு மூச்சுவிட நேரமில்லை. ஞாயிறன்று மொட்டைமாடித் தொட்டியைக் கழுவி குளோரினைத் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். திங்கள் மத்தியானம் எல்லாம் உள்ளே போய்விட்டது. இவன் எழுதிய சைபர் அத்தனையும் நிஜம். அதனால்தான் அது உங்களுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது."

ரகுநாதன் பதிலுக்குப் பேசியதுதான் சாமர்த்தியம். தான் தண்ணீர்ச் சுத்திகரிப்பு படித்தவன் இல்லை என்றார். ஒரு வருஷம் தாங்கும் என்று கரி கொடுத்த கம்பெனி சொன்னது, நம்பினோம் என்றார்.

"கரிக்குத் தேதி தெரியாது, மிஸ்டர் ரகுநாதன். எவ்வளவு தண்ணீர் தன் வழியாகப் போனது என்பதுதான் அதற்குத் தெரியும். ஆறு படுக்கைக்கு ஒரு வருஷம் என்றால் பதினாறுக்கு நாலரை மாதம். பிப்ரவரியில் படுக்கையைக் கூட்டினீர்கள். தொட்டி அதே தொட்டி."

"கரெக்ட்" என்றார் ரகுநாதன், ஒரு செல்போனால் ஸ்டிக்கரைத் தட்டிக்காட்டி. "ஏப்ரல்ல மாத்தினோம். இப்ப ஆகஸ்ட். நீங்க சொன்ன நாலரை மாசத்துக்குக் கிட்டத்தட்ட சரி. எங்க பக்கம் ஒரு கால்குலேஷன் மிஸ்டேக், அவ்வளவுதான். வேணும்னே யாரும் செய்யல. இவன் டெஸ்ட் பண்ணினான்னே வச்சுக்கலாம், டெஸ்ட் பண்ணத் தெரியாம பண்ணிருக்கான். அந்த பேப்பர்ல ஒரு வார்த்தை மாத்தினா போதும்."

சேதுமாதவனுக்குத் தன் கணக்கே தன் கழுத்தில் சுருக்காக விழுந்தது தெரிந்தது. ஆத்திரத்தில் கணக்கை முதலில் சொல்லியிருக்கக் கூடாது. சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் காட்டியது. ஸ்டிக்கர் உண்மையா என்று கேட்க ரசீது வேண்டும், கம்பெனி வேண்டும், நாலு நாள் வேண்டும். அவரிடம் இருந்தது கால் மணி நேரம்.

திரும்பிப் பார்த்தார். வதனாவைக் காணோம்.

மந்தூப் வந்துவிட்டார். கந்தூரா என்ற வெள்ளை நீள அங்கி அணிந்த, அலுத்த முகத்துடன் ஒரு பெரிய மனிதர். சலாம் சொல்லி, ஆள் எங்கே, பேப்பர் எங்கே, யல்லா, கிளம்பலாம் என்றார். ரகுநாதன் சுறுசுறுப்பாக வீரபாண்டியின் தோளில் கை வைத்தார். வீரபாண்டி எழுந்தான். ரோஸ் தண்ணீர்க் குப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

அப்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வதனா மூச்சிரைக்க வந்தாள். பின்னால், ஸ்டோரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியபடி மீரா சாகிப்.

"ஒண்டுமில்லை சேர்" என்றாள் அவள் ரகுநாதனைப் பார்த்து. "ஒரு சின்னச் சந்தேகம். பேனாவுக்கும் விளக்குமாத்துக்கும் காலி கேக்கிற மனிசன், கரிக்குக் கேக்காமலா விட்டிருப்பார் எண்டு யோசிச்சனான். பாய், நீங்களே சொல்லுங்கோ."

மீரா சாகிப் தொண்டையைச் செருமினார். கரி இருபத்தைந்து கிலோ சாக்கில் வரும் என்றார். ஒரு தடவை தொட்டியை நிரப்ப எட்டுச் சாக்கு. போட்டு முடிந்ததும் காலிச் சாக்கு எட்டையும் எண்ணி வாங்கிய பிறகுதான் அடுத்த எட்டை வெளியே விடுவார்.

"கடைசியா காலிச் சாக்கு வந்தது போன வருஷம் ஜனவரி" என்றார். "அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. இந்த ஏப்ரல்ல வந்த எட்டுச் சாக்கும் தைச்ச தையல் பிரியாம என் ரூம்லதான் இருக்கு. ஏன் எடுக்கலன்னு கேட்டேன். மாத்தணும்னா ரெண்டு நாளு சென்டரை மூடணும், இப்ப மூட முடியாதுன்னு சார் சொன்னாரு. ஸ்டிக்கர் மட்டும் வாங்கிட்டுப் போனாரு."

"அதுக்குக் காலி குடுத்தவரோ?" என்றாள் வதனா.

"பழைய ஸ்டிக்கரை உரிச்சுக் குடுத்தாரும்மா. இருக்கு."

மந்தூப் புருவத்தைத் தூக்கினார். சேதுமாதவன் அரபியில் அவருக்கு விளக்கினார். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. பத்தொன்பது மாதக் கரி. மார்ச்சில் ரோஸ் என்று எழுதிய நோட்டு. பிரிக்காத சாக்கு. உரித்த ஸ்டிக்கர். கரி செத்துவிட்டது என்று தெரிந்தே, அது உயிரோடு இருப்பதாகத் தெரிகிற ஒரு நேரத்தைத் தேடிப் பிடித்து, அந்த நேரத்தில் மட்டும் சோதிக்கச் சொன்ன உத்தரவு. கடைசியாக, லீவு பேப்பர் என்று சொல்லி வாங்கிய கையெழுத்து. அதைச் சொல்லும்போது அவர் குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. மந்தூப் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார்.

கேட்டு முடித்து அரபிக் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துத் தன் பையில் வைத்தார். வீரபாண்டியை விட்டுவிட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லை, பெயர் ஏற்கெனவே ஸ்டேஷனில் இருக்கிறது என்றார். அவன் வரத்தான் வேண்டும். ஆனால் இவரும் வருவார் என்று ரகுநாதனைக் காட்டினார். ஸ்டோர்காரரும், சாக்கும், நோட்டும் வரும். அங்கே ஒவ்வொருவரும் தன் வாயால் சொல்லட்டும்.

ரகுநாதன் இரண்டு போனிலும் மாறி மாறி யாரையோ கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. மந்தூப் ஒரு கையை நீட்டினார். ரகுநாதன் போன்களைக் கொடுத்துவிட்டு ஈரத் தரையில் நின்றார்.

"பயப்படாதே, நானும் ஸ்டேஷனுக்கு வருகிறேன்" என்றார் சேதுமாதவன் வீரபாண்டியிடம். "நீ பொய் எழுதவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது."

இதைக் கேட்டு அவன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தார். தெளியவில்லை. அவன் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அடங்கி ஒடுங்கி இருந்தவன் கழுத்தில் இப்போது நரம்பு புடைத்திருந்தது.

"அந்தப் பேப்பர் அவங்க எழுதுனது" என்றான். "இந்தத் தடவ நான் சொல்றேன். அக்கா, நீங்க தமிழ்லயே எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

வதனா பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தாள். மந்தூப் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சுவரோரமாகச் சாய்ந்து நின்றார். எழுதட்டும் என்று அர்த்தம்.

எங்கேயிருந்து தொடங்குவது என்று அவள் கேட்டாள்.

"கனகாம்மாகிட்டருந்து எழுதுங்க. மே மாசத்துலருந்தே மத்தியான ஷிப்டு முடிஞ்சு எந்திரிச்சா அவங்க தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவாங்க. முகமெல்லாம் வெளுத்துப்போயிரும். ஒரு நாளு என்னைய நிப்பாட்டி, அண்ணே, தண்ணியில எதுவும் இருக்குமான்னு கேட்டாங்க. நான் நேரா ரகுநாதன் சார்கிட்டப் போனேன். அவரு என் நோட்டையே எடுத்து விரிச்சு என்கிட்டக் காட்டுனாரு. நான் எழுதுன சைபர என்கிட்டயே காட்டுனாரு."

பேனா ஓடியது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, சாக்கடையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"நான் திரும்பிப் போயி அந்தம்மாகிட்ட, தண்ணி சுத்தமா இருக்கு தாயி, நான் தெனமும் பாக்குறேன், தைரியமாப் படுங்கன்னு சொன்னேன்."

வதனாவின் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து சேதுமாதவனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தார். அது அவனுக்கு எதிராகவே திரும்பக்கூடிய வரி.

"எழுதுங்கக்கா" என்றான் வீரபாண்டி. "அதையும் எழுதுங்க."